கொட்டியாரத்துக் கைதியும் பல்கலைக்கழக வாயிலும்

திருகோணமலைத் துறைமுகத்தின் தெற்கே கொட்டியாரக் குடா விரிந்து கிடக்கின்றது. அக்குடாவின் கரையில் மூதூர் அமைந்துள்ளது. 1659ஆம் ஆண்டின் இறுதியில் மசூலிப்பட்டினத்தருகே புயலில் சிக்கிப் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், பழுதுபார்த்தற்பொருட்டு இக்குடாவை வந்தடைந்தது. மறுவருடம் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் அக்கப்பலின் தலைவரையும் அவர்தம் மைந்தரையும் மாலுமிகள் சிலரையும் சிறைப்பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டு சென்றனர். மைந்தரின் பெயர் ரொபேட் நொக்ஸ். அப்போது வயது 19. மேலும் 19 ஆண்டுகள் கைதியாக வாழ்ந்த அவர் 1679இல் தப்பியோடி, ஒல்லாந்தர் வசமிருந்த அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1680இல் இலண்டன் திரும்பினார்.

நாற்பதாவது வயதை எட்டிக்கொண்டிருந்த நொக்ஸிடம் அப்போது பொருளும் இல்லை, பட்டமும் இல்லை. திரும்பும் வழியிற் கப்பலில் இருந்தவாறே எழுதிய கைப்பிரதி ஒன்றே இருந்தது. அரச கழகத்தைச் சேர்ந்த அறிஞர் ரொபேட் ஹூக் முன்னுரை எழுத, 1681இல் அது நூலாக வெளிவந்தது. நூலாசிரியர் அதனைக் கிழக்கிந்தியக் கம்பனியின் தலைவர்க்கும் பணிப்பாளர்க்கும் காணிக்கையாக்கினார். அக்காலப்பகுதியிலேயே கம்பனி அவரிடம் ஒரு கப்பலின் தலைமையை ஒப்படைத்தது. ஒருவன் தன் கதையைத் தன் தகுதிச் சான்றாக நீட்டிய நிகழ்ச்சிகளுள் எங்கள் துறைமுகப் பகுதியோடு தொடர்புடைய மிகப் பழையதொன்றாக இதனைக் கொள்ளலாம்.

இன்று மேலை நாடுகளின் பல்கலைக்கழகங்கள் விண்ணப்பதாரரிடம் வேண்டி நிற்பதும் ஏறத்தாழ இத்தகைய ஒரு கதையைத்தான். 'நீ யார்? எங்கிருந்து வருகிறாய்? ஏன் இதைக் கற்க விரும்புகிறாய்?' என்பன அவை கேட்கும் வினாக்கள். எமது நாட்டின் பல்கலைக்கழக வாயிலோ இவ்வினாக்களை எழுப்புவதில்லை. இந்நிலை எவ்வாறு உருவாயிற்று, இதனால் நாம் பெற்றது யாது, இழந்தது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்தன. அதே ஆண்டு யூலை முதலாம் நாள் இலங்கைப் பல்கலைக்கழகம் ஐவர் ஜெனிங்ஸைத் துணைவேந்தராகக் கொண்டு கொழும்பில் தோற்றம் பெற்றது. அன்று அதன் மாணவர் தொகை 904. பல்கலைக்கழகம் தானே பிரவேசப் பரீட்சையை நடத்தியது. எழுத்துப் பரீட்சையோடு வாய்மொழிப் பரீட்சையும் அக்காலத்தில் இடம்பெற்றது. விண்ணப்பதாரன் ஆசிரியர் குழுவின் முன்னே அமர்ந்து தன் வாயால் தன்னைப்பற்றிப் பேசவேண்டும். அவ்வகையில், எமது பல்கலைக்கழக வாயிலும் ஒரு காலத்திற் செவியுடையதாகவே இருந்தது.

ஆனால் அச்செவி எம்மொழியைக் கேட்டது என்பதும் சிந்திக்கற்பாலது. ஆங்கிலத்திற் சரளமாக உரையாடும் பட்டினத்துக் கல்லூரி மாணவனுக்கு அந்த அறை தன் வீட்டு முன்கூடம் போன்றது. கிண்ணியாவிலோ மூதூரிலோ பிறந்து, ஆங்கிலத்தை நூல்வழியாக மட்டும் கற்றவனுக்கு அதே அறை நீதிமன்றம் போன்றது. இருவரிடமும் கதை இருந்திருக்கும். ஒருவனுக்கே அதைச் சொல்லும் மொழி வாய்த்திருந்தது.

1960களில் இலவசக் கல்வியின் பயனாகவும் சுயமொழிக் கல்வியின் பயனாகவும் பல்கலைக்கழகம் நாடுவோர் தொகை பெருகிற்று. அத்தசாப்தத்தின் நடுப்பகுதியிற் பல்கலைக்கழக மாணவர் தொகை பதினாயிரத்தைத் தாண்டியது. இத்தனை பேரையும் தனித்தனியே அழைத்துக் கதை கேட்டல் இயலாத காரியம். க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் புள்ளியே வாயிற்காவலனாயிற்று.

புள்ளியாவது பொதுவானதாக நின்றதா? 1970ஆம் ஆண்டுப் பெறுபேறுகளைத் தொடர்ந்து, தமிழ்ப் பரீட்சகர் தம் மொழி மாணவருக்குப் புள்ளிகளை அள்ளி வழங்கினர் என்றொரு வதந்தி எழுந்தது. அதற்கு ஆதாரம் காட்டப்படவில்லை. எனினும் 1971 அனுமதியில் மொழிக்கொரு வெட்டுப்புள்ளி வகுக்கப்பட்டது. பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்களமொழி மாணவர் 227 புள்ளி பெற்றாற் போதுமானது; தமிழ்மொழி மாணவர் 250 பெறவேண்டியிருந்தது. 1973இற் புள்ளிகள் மொழிவாரியாகத் தரப்படுத்தப்பட்டன. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு சேர்ந்தது. 1979 முதல் 30 சதவீதம் நாடளாவிய திறமை, 55 சதவீதம் மாவட்டம், 15 சதவீதம் பின்தங்கிய மாவட்டம் என்னும் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. 2001 முதல் இசட் புள்ளி முறை பின்பற்றப்படுகின்றது. இன்று பெரும்பாலான கற்கைநெறிகளுக்குப் பங்கீடு 40, 55, 5 என அமைந்துள்ளது. பின்தங்கியனவாகக் கொள்ளப்படும் 16 மாவட்டங்களுள் திருகோணமலையும் ஒன்று.

தரப்படுத்தலின் அரசியல் விளைவுகள் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். ஈண்டு நான் சுட்ட விரும்புவது வேறொன்று. எமது அனுமதி முறை கதையை முற்றாக விலக்கிவிட்டது என்று கூறுதல் பொருந்தாது. 'மாவட்டம்' என்னும் ஒற்றைச் சொல்லாக அதைச் சுருக்கி வைத்துக்கொண்டது என்பதே பொருந்தும். 'திருகோணமலை' என்று விண்ணப்பத்தில் எழுதும்போது, நல்ல ஆய்வுகூடம் இல்லாத பாடசாலை, பாதியில் மாற்றலாகிச் சென்ற ஆசிரியர், போர், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை ஆகிய யாவும் அச்சொல்லினுள் அடங்கியிருப்பதாக அரசு கருதுகின்றது. இது நியாயமற்றதன்று. ஆயினும் நகரத்தில் வசதியான இல்லத்தில் வளர்ந்தவனும், சேருவில காட்டோரத்திலிருந்து நாள்தோறும் சைக்கிள் மிதித்துப் பாடசாலை சென்றவளும் அந்த ஒரே சொல்லின் கீழ் ஒருவராகி விடுகின்றனர். மாவட்டத்தின் கதை பேசப்படுகின்றது. மாணவரின் கதை மௌனமாகின்றது.

அவ்வாறாயின் மேலைநாட்டு முறையே சிறந்தது எனலாமா? அம்முறையின் வரலாற்றையும் நோக்குதல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் 1922 அளவில் யூத மாணவர் தொகை ஐந்திலொரு பங்கைக் கடந்திருந்தது. பரீட்சைப் புள்ளியால் மட்டும் வாயில் திறந்தமையால் நேர்ந்தது இது. அவர்தம் தொகையைக் குறைக்க விரும்பிய நிர்வாகம், 1920களிற் புள்ளிக்கு மேலாக 'ஒழுக்கம்', 'ஆளுமை' என்பவற்றுக்கு முக்கியத்துவம் அளித்தது. விண்ணப்பத்தோடு நிழற்படமும் கோரியது. விண்ணப்பதாரர் தம்மைப்பற்றி விரிவாகக் கூறவேண்டும் என்னும் வழக்கம் இச்சூழலிலேயே அங்கு வலுப்பெற்றது. மாணவனை அறிந்து வரவேற்கும் கருவியாக இன்று போற்றப்படுவது, தொடக்கத்தில் அவனை அறிந்து விலக்கும் கருவியாகவும் பயன்பட்டது. அண்மையில் அதே கருவி மீண்டும் திசைமாறியுள்ளது. 2023இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் மாணவர் அனுமதியில் இனத்தைக் கருத்திற் கொள்வதைத் தடைசெய்தபோதும், இனத்தின் காரணமாகத் தன் வாழ்வில் நேர்ந்தவற்றை விண்ணப்பதாரர் தம் கட்டுரையில் எடுத்துரைத்தலை விலக்கவில்லை.

கதைக்கு மற்றொரு குறைபாடும் உண்டு. அது சொல்பவரின் பண்புக்குச் சான்றாகாது. அதற்கும் நொக்ஸே எடுத்துக்காட்டாவார். 19 ஆண்டுகள் சுதந்திரம் இழந்து வாழ்ந்த அவர், பின்னாளிற் கப்பற்றலைவராகி மடகாஸ்கரிலிருந்து அடிமைகளை ஏற்றிச் சென்றார். உருக்கமாகத் தன் துயரைக் கூறியவர் பிறர் துயரை உணர்ந்தவராகவே இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை.

இனி என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற அனுமதி வேண்டுகிறேன். மூதூர் கிழக்கைச் சேர்ந்தது எங்கள் குடும்பம். 2006இற் போர் மூண்டபோது எனக்கு வயது மூன்று. மட்டக்களப்பு நோக்கி இடம்பெயர்ந்து, மறுவருடம் திரும்பினோம். கலைப்பீட மாணவனான பின், வெளிநாட்டுக் குறுங்காலக் கற்கைநெறி ஒன்றுக்கு விண்ணப்பிக்க முனைந்தேன். 500 சொற்களில் 'உன் கதையை எழுது' என்றிருந்தது. அனுபவமுள்ள ஒருவரிடம் ஆலோசனை கேட்டேன். "வாசிப்பவர் கண்ணில் நீர் வரவேண்டும், உங்களுக்கு அதற்கு எவ்வளவோ இருக்கிறதே" என்றார். அவ்வாறே எழுதினேன். ஷெல் வீச்சு, கூடாரம், பசி யாவும் அதில் இருந்தன. அம்மம்மாவுக்கு அதைத் தமிழிற் சொல்லிக் காட்டினேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எல்லாம் உண்மைதான் மகன். ஆனா இதுக்குள்ள நீ எங்க நிக்கிறாய்?" என்றார்.

அவ்வினாவுக்கு என்னிடம் விடையில்லை. அக்கட்டுரையில் என் மீது நிகழ்ந்தவை இருந்தன. நான் செய்ததும் சிந்தித்ததும் இல்லை. அன்றிரவே நொக்ஸின் நூலமைப்பு நினைவுக்கு வந்தது. நான்கு பாகங்கள் கொண்டது அந்நூல். முதலாவது நாட்டைப் பற்றியது; இரண்டாவது அரசனையும் ஆட்சியையும் பற்றியது; மூன்றாவது மக்களைப் பற்றியது. தன் சிறைவாசமும் தப்பியதுமாகிய கதை நான்காவது பாகத்திலேயே வருகின்றது. பயிர், உணவு, சட்டம், வழக்கம் அனைத்தையும் உற்று நோக்கிய கண்கள் தன்னிடம் உண்டு என்று காட்டிய பின்னரே அவர் தன் துயரைப் பேசினார். அவரை விண்ணப்பதாரராகக் கொண்டால், அவருடைய தகுதி பட்ட துன்பத்தில் இல்லை. துன்பத்தின் நடுவிலும் கண்டறிந்தவற்றில் இருந்தது.

தன்னைப்பற்றிப் பேசுதல் தற்புகழ்ச்சி ஆகாதோ எனத் தமிழ் மாணவர் தயங்குவது இயல்பு. அவையடக்கத்தைப் போற்றும் மரபு எம்முடையது. ஆயின் அதே மரபில் வந்த நன்னூல், தன்னைப் புகழ்தல் தகும் இடங்கள் நான்கினை வகுத்துள்ளது. அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதார் நடுவில் நிற்கும்போதும், அவையில் வாதிட்டு வெல்லும்போதும், எதிரி தன்னைப் பழிக்கும்போதும் புலவன் தன்னைப் புகழலாம். முதலிரண்டும் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு எவ்வளவு பொருந்துகின்றன! எம்மை அறியாதாருக்கு நாம் விடுக்கும் ஓலையன்றோ அது?

கட்டுரையை மாற்றி எழுதினேன். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படுவதற்கு முன், மூதூரிலிருந்து திருகோணமலைக்கு லோஞ்சிற் சென்ற முதியோரிடம் நான் குறித்துவைத்த செய்திகளில் இருந்து தொடங்கினேன். எந்த மாதத்துக் காற்றுக்கு எந்த நேரத்துப் பயணம், நோயாளியை எவ்வாறு ஏற்றினர், பரீட்சை நாளிற் கடல் கொந்தளித்தால் மாணவர் என் செய்தனர் என்பனவற்றை எழுதினேன். வரலாற்றை ஏன் கற்க விழைகிறேன் என்பது அதிலிருந்து தானே வெளிப்பட்டது. இடப்பெயர்வுக்கு இறுதியில் மூன்று வரிகளே தேவைப்பட்டன. அவ்விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்பதையும் இங்கே மறைக்காமற் கூறவேண்டும். ஆனால் அக்குறிப்புகளே இன்று என் ஆய்வுக்கு அடிப்படையாகியுள்ளன.

மேற்கூறியவற்றால் பெறப்படுவது யாது? புள்ளியை அகற்றிவிட்டுக் கதையை வாயிலில் நிறுத்துமாறு நான் கோரவில்லை. நம்பிக்கை தேய்ந்த நாட்டிற் கதையை மதிப்பிடும் அதிகாரம் யார் கையில் இருக்கும் என்னும் அச்சம் 1971இன் அனுபவத்தால் எமக்கு உண்டு. குருடான புள்ளி சில வேளைகளில் அநீதி இழைத்தாலும், முகம் பார்ப்பதில்லை. எனினும் வாயிலைக் கடந்த பின்னரும் எவரும் அக்கதையைக் கேளாதிருப்பதற்கு நியாயம் இல்லை. முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரும் தாம் கடந்து வந்த வழியைத் தமிழில் எழுதுமாறு எமது பீடம் செய்யலாம். விரிவுரையாளர் அவற்றை வாசித்தால், எவருக்கு எவ்வுதவி தேவை என்பது விளங்கும். மாணவரும் தம்மைக் குறித்துப் பொய்யின்றியும் ஒப்பாரியின்றியும் எழுதப் பழகுவர். பின்னாளில் வெளிநாட்டு வாயில்களை அவர்கள் தட்டும்போது அப்பழக்கம் கைகொடுக்கும்.

நொக்ஸ் சிறைப்பட்ட இடத்தின் நினைவுக்கல் மூதூரில் உண்டு. அவரோடு பிடிபட்ட மாலுமிகளுட் பலர் நாடு திரும்பவில்லை. அவர்கள் கண்டதை எழுதிவைக்கவும் இல்லை. அவர்களைப் பற்றி நாம் அறிவதெல்லாம் நொக்ஸ் எழுதியதால் அறிவதே. எங்கள் மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் பல்கலைக்கழகம் புகும் மாணவர் தம் கதையைத் தாமே எழுதாவிடில், 'திருகோணமலை' என்ற ஒற்றைச் சொல்லே அவர்களுக்காகப் பேசிக்கொண்டிருக்கும்.