திருவையாற்று ஆராதனையும் பெண்டிர் உரிமையும்

ஊர் கூடி எடுக்கும் விழாவொன்றில் எவர் முன்னிற்பர், எவர் பின்னிற்பர், எவர் வாய் திறவாது கேட்டிருப்பர் என்பவற்றை நோக்கின், அவ்வூரார் மனிதரை எவ்வாறு தரம் பிரித்தனர் என்பது புலனாகும். விழா பழைய முறையைக் காத்து நிற்பது உண்மையே. ஆயினும் அம்முறையை மாற்றுதற்கும் விழாவே களமாதல் உண்டு. இதற்குச் சிறந்த சான்று, சோழநாட்டுத் திருவையாற்றில் ஆண்டுதோறும் நிகழும் தியாகராச சுவாமிகள் ஆராதனையின் வரலாறாகும்.

தியாகராச சுவாமிகள் 1847 ஆம் ஆண்டு சனவரி மாதம் 6 ஆந் தேதி, புஷ்ய மாதத்துத் தேய்பிறைப் பஞ்சமியன்று சித்தியடைந்தார். இறுதிக் காலத்தில் துறவு பூண்டவராதலின் அவரது திருமேனி காவிரிக் கரையிற் சமாதி வைக்கப்பட்டது. காலஞ்செல்லச் செல்ல அவ்விடம் கவனிப்பாரின்றிச் சிதைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவரது மாணவ பரம்பரையினர் சமாதியைச் செப்பனிட்டு, நினைவுநாளை இசைவிழாவாகக் கொண்டாடத் தலைப்பட்டனர். விரைவில் அவர்களிடையே பிணக்கு விளைந்தது. பெரிய கட்சி, சின்னக் கட்சி என இருபிரிவினராயினர். ஒரு சாரார் பஞ்சமிக்கு முந்திய நாள்களிலும், மற்றொரு சாரார் பஞ்சமி தொடங்கிப் பிந்திய நாள்களிலும் விழா எடுத்தனர்.

பலவற்றில் மாறுபட்ட இவ்விரு கட்சியாரும் ஒன்றில் மட்டும் உடன்பட்டனர். பெண்கள் அச்சந்நிதியிற் பாடுதல் கூடாது என்பதே அது. ஆராதனையைச் சிராத்தத்தோடு ஒத்த வைதிகக் கிரியையாகக் கொண்டமை இதற்கு ஒரு காரணம். அக்காலத்தில் அரங்கேறிப் பாடிய பெண்டிர் பெரும்பாலும் தேவதாசி மரபினர். அவர்தம் கலையைப் போற்றிய சமுதாயம் அவரை மதியாதிருந்தமை மற்றொரு காரணம். சுவாமிகளின் கீர்த்தனங்களைப் பாடிப் பரப்பியோருள் இம்மரபினரும் இருந்தனர். அங்ஙனமாகவும், அவரை வழிபடும் நாளில் அவர்க்கு இடமில்லாது போயிற்று.

இத்தடையை எதிர்த்து நின்றவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். 1878 ஆம் ஆண்டில் மைசூர் நாட்டு நஞ்சன்கூட்டில் தேவதாசி ஒருவருக்கு மகளாய்ப் பிறந்த இவர், வடமொழியும் கன்னடமும் தெலுங்கும் கற்றுத் தேர்ந்தவர். பின்னர்ச் சென்னையில் இசையரங்குகளாற் பெரும்புகழும் பெரும்பொருளும் ஈட்டினார். பெண்ணின் குரலுக்காக இவர் வாதாடியது திருவையாற்றில் மட்டுமன்று. பதினெட்டாம் நூற்றாண்டிலே தஞ்சை அரசன் பிரதாபசிம்மன் அவையில் விளங்கிய முத்துப்பழநி என்னும் கணிகை, இராதிகா சாந்துவனம் என்ற தெலுங்குக் காவியத்தை இயற்றினாள். முன்னர் வெளிவந்த பதிப்பில் நூலாசிரியையின் வரலாற்றுப் பகுதியும் சில பாடல்களும் விடுபட்டிருந்தன. நாகரத்தினம்மாள் 1910 இல் அதனை முழுமையாகப் பதிப்பித்து, ஆடவர் பாடும்போது ஏற்கப்படும் சிருங்காரம் பெண் பாடும்போது மட்டும் பழிக்கப்படுவது முறையோ என வினவினார். அரசினர் அடுத்த ஆண்டிலே நூலைத் தடை செய்தனர். அத்தடை 1947 இலேதான் நீங்கியது.

1921 ஆம் ஆண்டிலே, சமாதி பாழடைந்து கிடக்கும் செய்தியை இவருடைய ஆசிரியர் பிடாரம் கிருஷ்ணப்பா எழுதி அறிவித்தார். நாகரத்தினம்மாள் திருவையாறு சென்று, சமாதியைச் சூழ்ந்த நிலத்தைப் பெற்று, தாம் தேடிய செல்வத்தைச் செலவிட்டு, அடுத்த சில ஆண்டுகளிற் கோயிலெழுப்பினார். சுவாமிகளின் திருவுருவை நிறுவி நித்திய பூசைக்கும் வழி வகுத்தார். இப்போது நிலைமை விந்தையாயிற்று. கோயிலைக் கட்டியவர் பெண். அதன் முன்னே பாடலாகாது என விலக்கப்பட்டவரும் அப்பெண்ணே.

இந்நிலையில் அவர் கைக்கொண்ட வழி நுணுகி நோக்கற்பாலது. ஆடவரின் விழாவை அவர் தடுத்து நிறுத்தவில்லை; மனம் நொந்து ஒதுங்கவுமில்லை. 1927 ஆம் ஆண்டில், கோயிலின் முன்புறத்தே பெரிய கட்சியார் விழா நடத்த, அதே கோயிலின் பின்புறத்தே பெண்களைக் கொண்டு தனி ஆராதனை தொடங்கினார். அதனைப் பெண்கள் கட்சி என்றனர். ஓராண்டோடு ஓய்ந்திருப்பின் அதனை எவரும் பொருட்படுத்தியிரார். அது ஆண்டு தவறாது நிகழ்ந்தது. 1940 இல் எஸ். வை. கிருஷ்ணசுவாமி முதலியோரின் முயற்சியாற் கட்சிகள் ஒன்றுபட்டபோது, பெண்களை விடுத்து ஒற்றுமை பேச இயலாதாயிற்று. 1941 முதல் ஒரே விழாவாக நிகழ்ந்த ஆராதனையிற் பெண்டிரும் பாடும் உரிமை பெற்றனர். அவ்வுரிமை பின்னர் மறுக்கப்படாவண்ணம், தமது உடைமைகளை அறநிலையமாக்கியபோது அதனையும் ஒரு விதியாக எழுதிவைத்தார். 1952 மே 19 இல் திருவையாற்றிலே காலமானார். சுவாமிகளின் சந்நிதியை நோக்கி அமர்ந்த கோலத்தில் அவரது சிலை இன்றும் அங்குளது.

இவ்வெற்றிக்கு ஓர் எல்லை உண்டென்பதையும் மறைத்தலாகாது. அதே 1927 இல் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கச் சென்னைச் சட்டசபையிலே தீர்மானம் கொணர்ந்தார். பெண்ணினத்தை இழிவினின்று மீட்பதே அவர் நோக்கம். நாகரத்தினம்மாளும் அவர் மரபினரும் அதனை எதிர்த்தனர். தம்மனைவரையும் ஒழுக்கங்கெட்டோரென ஒருசேர முத்திரையிடுதல் தகாது என்பது அவர்தம் முறையீடு. ஒருவர் பெண்ணின் உடலுரிமையைக் கருதினார். மற்றவர் பெண்ணின் கலையுரிமையையும் மானத்தையும் கருதினார். 1947 இற் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் ஒழிந்தது. அவ்வழக்கம் ஒழிந்தமை நன்றே. எனினும் அதனோடு அம்மரபுப் பெண்டிர் பலர் அரங்கினின்றும் மறைந்தனர். அவர் திறந்த வாயிலாற் பிறகுலப் பெண்களே மிகுதியும் உட்புகுந்தனர்.

பிற அரங்குகளிலும் மாற்றம் மெல்லவே வந்தது. சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது முதன்முறையாக ஒரு பெண்ணுக்கு, எம். எஸ். சுப்புலட்சுமி அவர்களுக்கு, 1968 இலேதான் வழங்கப்பட்டது. திருவையாற்றில் வழி திறந்து இருபத்தேழு ஆண்டுகள் சென்ற பின்னரே இது நிகழ்ந்தது.

விழா தானாகவே சமத்துவம் வழங்குவதில்லை என்பது இவ்வரலாற்றாற் பெறப்படும். இடமும், இடையறாமையும், குறை கூற இயலாக் கலைத்திறனும் ஒருங்கே அமைந்தமையாலேயே நாகரத்தினம்மாளின் முயற்சி பயன் தந்தது. இன்று பஞ்சமியன்று ஆடவரும் பெண்டிரும் ஒருங்கமர்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனங்களைப் பாடுகின்றனர். அவ்வொலியைக் கேட்போர்க்கு அது தொன்றுதொட்டு வந்த வழக்கமெனவே தோன்றும். அஃது அங்ஙனமன்று, கோயிலின் பின்புறத்தே பதினான்கு ஆண்டுகள் காத்திருந்து பெற்ற உரிமை.