செந்நாய்களின் பின்னே நடந்த பேராசிரியர்

மதுரையிலிருந்து சிவகாசிக்குப் போகும் வழியில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் வறண்ட நிலம், கரிசல் மண், சீமைக்கருவேல முள். சிவகாசி என்றால் பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர். ஆனால் இந்தியாவின் முன்னணிக் காட்டுயிர் ஆராய்ச்சியாளர் ஒருவர் இந்த ஊரில் கல்லூரி ஆசிரியராக இருந்து உருவானவர் என்பது பலருக்குத் தெரியாது. அவர் பெயர் ஏ.ஜே.டி. ஜான்சிங்.

1945-ல் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பிறந்தவர் ஜான்சிங். ஊர் சமவெளிதான். ஆனால் மேற்கே திரும்பினால் மலை தெரியும். சிறுவயதிலேயே ஜிம் கார்பெட்டின் வேட்டைக் கதைகள் அவரைப் பிடித்துக்கொண்டன. மலையடிவாரக் காடுகளில் அலைவது பழக்கமானது. படித்து முடித்து, சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியரானார்.

அந்தக் காலத்தில் விலங்கியல் என்றால் என்ன? தவளையையும் கரப்பான்பூச்சியையும் அறுப்பது, பாட்டிலில் ஊறவைத்த பாம்பைப் பார்த்துப் படம் வரைவது. உயிரோடு இருக்கும் பெரிய விலங்கைக் காட்டுக்குள் போய் ஆராய்வது வெளிநாட்டுக்காரர்கள் செய்யும் வேலை என்றே இருந்தது. கன்ஹா காட்டில் 1960-களில் புலியையும் மானையும் ஆராய்ந்து புகழ்பெற்றவர் ஜார்ஜ் ஷாலர். அவரும் அமெரிக்காவிலிருந்து வந்தவர்தான்.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த ஜே.சி. டேனியல் போன்றவர்கள் ஊக்கம் கொடுக்க, ஜான்சிங் 1976-ல் கர்நாடகாவின் பந்திப்பூர் காட்டுக்குப் போனார். அவர் தேர்ந்தெடுத்தது புலியையோ யானையையோ அல்ல. யாருக்குமே பிடிக்காத செந்நாயை!

செந்நாயின் கதை பரிதாபமானது. பிரிட்டிஷ் காலத்தில் வேட்டைக்காரர்களுக்கும் வன அதிகாரிகளுக்கும் அது பரம எதிரி. தாங்கள் சுட வேண்டிய மான்களை அது தின்றுவிடுகிறது என்பது ஒரு கோபம். இரை சாகும் முன்பே பிய்த்துத் தின்னும் கொடூர மிருகம் என்பது இன்னொரு கோபம். ஒரு செந்நாயைக் கொன்றால் இவ்வளவு என்று பரிசுப் பணம் கொடுத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தப் பார்வை உடனே மாறவில்லை. 1972-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் அதற்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் சட்டம் மாறினால் மனசும் மாறிவிடுமா?

1976 முதல் 1978 வரை இரண்டு ஆண்டுகள் ஜான்சிங் அந்தக் கூட்டத்தின் பின்னாலேயே சுற்றினார். பெரும்பாலும் கால்நடையாகத்தான். மான்களின் எச்சரிக்கைக் குரல், காகங்களும் கழுகுகளும் இறங்கும் இடம், இவைதான் வழிகாட்டி. செந்நாயின் எச்சத்தைச் சேகரித்து, அதில் இருக்கும் முடியை வைத்து எந்த விலங்கைத் தின்றது என்று கண்டுபிடித்தார். கடைக்காரர் பேரேடு எழுதுவதுபோல ஒவ்வொரு இரைக்கும் கணக்கு எழுதினார்.

அந்தக் கணக்கு சொன்ன செய்தி வேறு மாதிரி இருந்தது. செந்நாய்களின் முக்கிய இரை புள்ளிமான். அதே காட்டில் புலி பெரிய விலங்குகளின் பக்கம் அதிகம் போனது. சிறுத்தையும் செந்நாயும் நடுத்தர விலங்குகளை நம்பி வாழ்ந்தன. மூன்றும் ஒரே காட்டில் பங்கு போட்டுக்கொண்டு பிழைத்தன. காட்டைக் காலி செய்யும் கொள்ளைக்காரன் என்ற குற்றச்சாட்டு அடிபட்டுப் போனது. அதோடு, செந்நாய்க் கூட்டம் ஒரு நல்ல கூட்டுக்குடும்பம் என்பதும் தெரிந்தது. வேட்டையிலிருந்து திரும்பும் பெரியவை குட்டிகளுக்கு இறைச்சியைக் கக்கிக் கொடுக்கும். தாய் மட்டுமல்ல, கூட்டமே சேர்ந்து குட்டிகளை வளர்க்கும்.

இயற்கையில் சுதந்திரமாக உலவும் ஒரு பெரிய பாலூட்டியை அறிவியல் முறையில் ஆராய்ந்த முதல் இந்தியர் என்று ஜான்சிங்கைக் குறிப்பிடுகிறார்கள். அந்த ஆய்வேடு 1980-ல் சமர்ப்பிக்கப்பட்டது எங்கே தெரியுமா? நம் மதுரைப் பல்கலைக்கழகத்தில்தான். 1966-ல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் அப்போது தென்மாவட்டக் கல்லூரிகள் இருந்தன. உலக அளவில் செந்நாய் பற்றி எழுதுகிறவர்கள் அந்த ஆய்வேட்டைத் தொடர்ந்து மேற்கோள் காட்டி வருகிறார்கள்.

பிறகு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் ஆராய்ச்சி, பம்பாய் கழகத்தின் யானைத் திட்டம் என்று போய், 1985-ல் டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் சேர்ந்தார். 2005-ல் ஓய்வு பெறும்வரை இருபது ஆண்டுகள் அங்கே பேராசிரியர், பிறகு டீன். வன அதிகாரிகளையும் மாணவர்களையும் காட்டுக்குள் நடக்க வைத்தே பாடம் நடத்தினார். ராஜாஜி காட்டில் கங்கையின் இரு கரைகளையும் இணைக்கும் சில்லா-மோதிச்சூர் யானை வழித்தடத்தைக் காப்பாற்ற விடாமல் குரல் கொடுத்தார்.

எல்லாம் அவர் நினைத்தபடி நடந்துவிடவில்லை. ஆசியச் சிங்கங்கள் குஜராத்தின் கிர் பகுதியில் மட்டுமே இருப்பது ஆபத்து, ஒரு நோய் வந்தாலும் போதும் என்று அவரும் அவர் மாணவர் ரவி செல்லமும் 1990-களில் எழுதினார்கள். இரண்டாவது வீடாக மத்தியப் பிரதேசத்தின் குனோ பரிந்துரைக்கப்பட்டது. 2013-ல் உச்ச நீதிமன்றமும் சிங்கத்தை அனுப்பச் சொன்னது. ஆனால் 2022-ல் குனோவுக்கு வந்தது ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலி! அறிவியல் சொல்வது ஒன்று, நாட்டில் நடப்பது ஒன்று.

ஓய்வுக்குப் பிறகும் அவர் நடையை நிறுத்தவில்லை. களக்காடு-முண்டந்துறை காட்டின் அருமையைத் தொடர்ந்து எழுதினார். கார்பெட் நடந்த இடங்களையெல்லாம் நடந்து பார்த்து ஒரு புத்தகமும் எழுதினார். 2024 ஜூன் 7 அன்று பெங்களூரில் தன் 78-வது வயதில் காலமானார்.

புலிக்கும் செந்நாய்க்கும் காடு கொடுத்தால் நமக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். தாமிரபரணி பிறப்பது களக்காடு-முண்டந்துறை மலைகளில். வைகை பிறப்பது வருசநாட்டு மலைகளில். 2021-ல் அந்தப் பகுதிகளைச் சேர்த்துத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. புலியும் செந்நாயும் இரை தேடும் காடு நன்றாக இருந்தால்தான் வைகையில் தண்ணீர் வரும். மதுரைக்காரர்களுக்கு இதற்கு மேல் லாபக் கணக்கு சொல்ல வேண்டியதில்லை.

உலகத்தில் இன்று வளர்ந்த செந்நாய்கள் 2,500-க்கும் குறைவு என்கிறது சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் மதிப்பீடு. ஒரு காலத்தில் கொன்றால் காசு கொடுத்த விலங்கு அது. அதன் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு முதலில் நடந்து போனவர் சிவகாசியில் பாடம் எடுத்த ஒரு வாத்தியார்.