துப்பாக்கியும் சைலன்சரும் ஒரே குடும்பத்துல பொறந்த கதை

"டாக்டர், கார் சத்தம் கொஞ்சம் கெத்தா வரணும். வெளில வாங்கி மாட்டுற மஃப்ளர்ல எது நல்லது?"

இன்பாக்ஸ்ல ஒரு தம்பி கேட்டது. மெக்கானிக் கிட்ட கேக்க வேண்டியதை என்கிட்ட ஏன் கேட்டார்னு தெரியல. ஆனா இந்தக் கதையில டாக்டருக்கும் ஒரு பங்கு இருக்கு. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

நாம சைலன்சர்னு சொல்றதைத்தான் அமெரிக்காவுல மஃப்ளர்னு சொல்றாங்க. (நமக்கு மஃப்ளர்னா ஊட்டிக்குப் போறப்ப கழுத்துல சுத்துறது. ரெண்டும் ஒரே வார்த்தைதான். மூடி அடக்குறதுன்னு அர்த்தம்.)

முதல்ல சத்தம் எங்கிருந்து வருது? பெட்ரோல் எரிஞ்சதும் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும். உள்ளே இருக்கும் சூடான வாயு அழுத்தத்தோட குழாய்க்குள்ள பாயும். ஒவ்வொரு தடவையும் ஒரு அடி. 4 சிலிண்டர் கார் 3000 ஆர்பிஎம்ல ஓடினா நொடிக்கு 100 அடி. 8 சிலிண்டர்னா 200. அமெரிக்க வி-8 கார்களோட அந்தக் கடகட உறுமலுக்குக் காரணம், ஒரு பக்கத்து நாலு சிலிண்டரும் சம இடைவெளியில வெடிக்காது. தாளம் தப்புறதுதான் அங்க அழகு. அதனால ஒண்ணை இப்பவே சொல்லிடறேன். மஃப்ளர் புதுசா ஒரு சத்தத்தை உருவாக்காது. என்ஜின் போடற சத்தத்துல எதை வெளியே விடணும், எதை அடக்கணும்னு மட்டும் தீர்மானிக்கும். 4 சிலிண்டர் கார்ல எத்தனை ஆயிரம் செலவு பண்ணாலும் வி-8 வராது.

1897ல அமெரிக்காவின் இண்டியானாவைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் என்ஜின் மஃப்ளருக்குக் காப்புரிமை வாங்கினாங்க. குதிரை வண்டி ஓடின தெருவுல மோட்டார் வண்டி வெடிச்சுக்கிட்டே போனா குதிரை மிரளும்ல? ஆனா ஓட்டுறவங்களுக்கு மஃப்ளர் புடிக்கல. அது என்ஜின் சக்தியைத் தின்னுடும்னு புகார். (அன்னைக்கு இருந்த மஃப்ளருக்கு அது ஓரளவு உண்மையும் கூட.) அதனால 'கட்அவுட்'னு ஒரு வால்வு வந்துச்சு. காலால ஒரு மிதி மிதிச்சா புகை மஃப்ளரைச் சுத்திக்காம நேரா வெளியே போகும். மேடு ஏற சக்தின்னு சொல்லி வித்தாங்க. மேடே இல்லாத தெருவுலயும் மிதிச்சாங்க. நகரம் நகரமா தடை போட வேண்டியதாயிடுச்சு. இன்னைக்கு பட்டன் அமுக்கினா சத்தம் கூடுற வால்வு எக்ஸாஸ்ட் கார்களைப் பாக்குறீங்கல்ல, அதோட தாத்தா இதுதான்.

இப்ப தலைப்புக்கு வர்றேன்.

ஹைராம் ஸ்டீவன்ஸ் மாக்சிம். அமெரிக்காவுல பொறந்து இங்கிலாந்துல குடியேறினவர். 1884 வாக்குல, நிமிஷத்துக்கு 600 குண்டு சுடற மாக்சிம் துப்பாக்கியை உருவாக்கினார். அதை வச்சு ஐரோப்பிய சாம்ராஜ்யங்கள் ஆப்பிரிக்காவுல என்ன செஞ்சாங்கங்கறது தனிப் பதிவுக்கான விஷயம். தன் துப்பாக்கிகள் பக்கத்துலயே பல வருஷம் நின்ன மாக்சிமுக்குக் காது போயிடுச்சு. கடைசிக் காலத்துல கிட்டத்தட்ட முழுச் செவிடு.

அமெரிக்காவுலயே தங்கிட்ட அவர் மகன் ஹைராம் பெர்சி மாக்சிம் ஹார்ட்ஃபோர்டுல கார் வடிவமைச்சுக்கிட்டு இருந்தார். 1909ல துப்பாக்கி சைலன்சருக்குக் காப்புரிமை வாங்கினது இவர்தான். வாயுவைச் சுழல விட்டு, வேகத்தைக் குறைச்சு, மெதுவா வெளியே அனுப்பற யோசனை. அவரோட கம்பெனி பின்னால என்ஜின்களுக்கும் சைலன்சர் செய்ய ஆரம்பிச்சுது. அப்பாவுக்காகத்தான் மகன் இதைச் செஞ்சார்னு கதை கட்ட எனக்கும் ஆசைதான். அப்படி ஆதாரம் இல்ல. தற்செயல்தான்.

டாக்டர் பங்குன்னு சொன்னேனே, அவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். ஜெர்மன் ராணுவ மருத்துவரா இருந்தவர். 1851ல கண்ணோட உள்பக்கத்தைப் பாக்குற ஆஃப்தல்மோஸ்கோப்பை உலகத்துக்குக் குடுத்த அதே ஆள். காது எப்படி ஒலியைப் பிரிச்சுக் கேக்குதுன்னு ஆராய, கழுத்து உள்ள உருண்டைக் குடுவைகளைப் பயன்படுத்தினார். ஒவ்வொரு குடுவையும் ஒரே ஒரு சுருதிக்கு மட்டும் பதில் சொல்லும். காலி பாட்டில் வாயில ஊதினா வர்ற சத்தம் அதே தத்துவம்தான். இன்னைக்கு எக்ஸாஸ்ட்ல எரிச்சலூட்டற ஒரு குறிப்பிட்ட சுருதியை மட்டும் அடக்க ஒரு மூடின அறையைப் பக்கத்துல இணைக்கிறாங்க. அதுக்குப் பேரே ஹெல்ம்ஹோல்ட்ஸ் ரெசனேட்டர்.

சத்தத்தைக் குறைக்க வந்த பொருளை 'நல்ல சத்தத்துக்காக' வித்துப் பெரிய வியாபாரம் ஆக்கினவர் கார்லோ அபார்த். வியன்னாவுல பொறந்த பைக் பந்தய வீரர். 1949ல இத்தாலியில கம்பெனி ஆரம்பிச்சார், சின்னம் தேள். ஏன்னா அவருக்கு விருச்சிக ராசி! பந்தயத்துக்குக் காசு வேணும். சின்ன ஃபியட் கார்களுக்கு மாட்டுற எக்ஸாஸ்ட் செஞ்சு வித்தார். போருக்கு அப்புறம் குட்டிக் கார் மட்டுமே வாங்க முடிஞ்ச குடும்பத்துக்காரர், பந்தயக் கார் சத்தத்தையாவது வாங்கிக்கலாம். பிச்சுக்கிட்டுப் போச்சு வியாபாரம். (இவர் 1965ல சாதனை ஓட்டத்துக்காகக் கார் சீட்டுக்குள்ள நுழைய ஆப்பிள் சாப்பிட்டே 30 கிலோ குறைச்சார்னு சொல்வாங்க. தயவுசெஞ்சு முயற்சி பண்ணாதீங்க.)

அதே காலத்துல கலிஃபோர்னியாவுல போர் முடிஞ்சு வந்த இளைஞர்கள் பழைய ஃபோர்டு வி-8 கார்களுக்கு 'கிளாஸ்பேக்' மாட்டினாங்க. நடுவுல ஓட்டை போட்ட நேர்க்குழாய், சுத்தி கண்ணாடி இழைப் பஞ்சு. வாயு தடையில்லாம போகும், கூர்மையான சத்தத்தைப் பஞ்சு தின்னும், கனமான சத்தம் மிஞ்சும். பஞ்சு எரிஞ்சு உதிர உதிர சத்தம் வருஷா வருஷம் கூடும். இன்னொரு வகை, பஞ்சே இல்லாம தகடு தடுப்புகள் வச்ச அறை மஃப்ளர். அதுல உறுமல் அதிகம், கூடவே காருக்குள்ள 'ஊம்ம்'னு ஒரு ரீங்காரமும் வரும். ஆங்கிலத்துல ட்ரோன்னு சொல்வாங்க.

1975 மாடல்ல இருந்து அமெரிக்கக் கார்கள்ல காட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்துச்சு. ஈயம் கலந்த பெட்ரோல் அதைக் கெடுத்துடும்னு ஈயமில்லா பெட்ரோலும் வந்துச்சு. எத்தனை குழந்தைகளோட மூளையை அது காப்பாத்துச்சு! அதனால தம்பி, சத்தத்துக்காக எவனாவது கன்வெர்ட்டரைக் கழட்டலாம்னு சொன்னா, அந்தக் கடையை விட்டு வெளில வந்துடுங்க. அது சத்தத்துக்கு வச்சதில்ல, கார்பன் மோனாக்சைடுக்கு வச்சது.

சட்டம்: கலிஃபோர்னியாவுல சாதாரண கார் எக்ஸாஸ்டுக்கு 95 டெசிபல் வரம்பு. அதுவும் புகைக்குழாய்ப் பக்கத்துல வச்சு அளக்கறது. நம்ம நாட்டுல சத்த வரம்பைத் தாண்டினா மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவுல முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம், சிறையும் உண்டு. சைலன்சரை வரிசையா அடுக்கி ரோடு ரோலர் ஏத்தற வீடியோவை நீங்களும் பாத்திருப்பீங்க.

என் துறைக்கு வர்றேன். 85 டெசிபல்ல ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம்ங்கறது தொழிலாளர்களுக்கான பரிந்துரை. அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 94க்கு 1 மணி, 100க்கு 15 நிமிஷம். உள்காதுல சத்தத்தைப் பிடிக்கற மயிர் செல்கள் செத்தா மறுபடி முளைக்காது. காது கேக்கலன்னு வர்றதுக்கு முன்னாடியே ராத்திரி அமைதியில 'கீஈஈ'னு ஒரு இரைச்சல் கேக்க ஆரம்பிக்கும். அதுக்கு என்கிட்ட மாத்திரை கிடையாது.

சரி, எதை வாங்கறது? நேர்க்குழாய் வகைன்னா பஞ்சு நல்ல தரமா, உறை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா பாருங்க. ரெசனேட்டரைக் கழட்டாதீங்க, ரீங்காரத்தை அடக்கறது அதுதான். குழாய் விட்டம் பெருசா இருந்தா பவர் கூடும்னு நம்பாதீங்க. டெசிபல் அளவு எழுத்துல தராத கடையில வாங்காதீங்க. யூடியூப் வீடியோ கேட்டு முடிவு பண்ணாதீங்க. மொபைல் மைக்குல ரீங்காரம் சரியா பதியாது.

அதே மஃப்ளர் மாட்டின அதே மாடல் கார் யார்கிட்டயாவது இருந்தா, கேட்டு ஏறி பைபாஸ்ல 80 கிலோமீட்டர் வேகத்துல அரை மணி நேரம் போயிட்டு வாங்க. முன்சீட்டுல இல்ல, குழந்தைங்க உக்காருற பின்சீட்டுல.