வன்னி மண்ணில் முதுமை

கடைசி நாட்களைச் சொந்த வீட்டில் கழிப்பதா, முதியோர் இல்லத்தில் கழிப்பதா என்ற வினா இன்று வன்னிக் கிராமங்களிலும் எழுந்துவிட்டது. வினா எழுந்தவுடன் ஆயத்தமான இரு விடைகள் வந்து நிற்கின்றன. பெற்றோரைப் பேணாத காலம் வந்துவிட்டது என்று பெருமூச்செறிவோர் ஒருசாரார். மூன்று வேளை உணவும் மருந்தும் இல்லத்தில் கிடைக்குமானால் வேறென்ன வேண்டும் என்று கேட்போர் மறுசாரார். முன்னவர் பிள்ளைகளின் மனத்தைக் குறை கூறுகின்றனர். பின்னவர் முதியவரின் பிடிவாதத்தைக் குறை கூறுகின்றனர். இருசாராரும் சமுதாயத்தின் வினாவைத் தனிமனித மனத்தின் வினாவாகச் சுருக்கிவிடுகின்றனர். நாமோ வரலாற்றைக் கேட்டுப் பார்ப்போம்.

முதலில், பிள்ளைகள் யாவரும் பெற்றோரைப் பொன்போற் போற்றிய காலம் ஒன்று முன்னர் இருந்தது என்ற கற்பனையைக் கைவிடுதல் வேண்டும். ஒல்லாந்தர் ஆட்சியில், 1707இல், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்கள் தேசவழமை என்ற பெயரில் தொகுக்கப்பட்டன. முதுமையுற்ற பெற்றோர், தம்மைப் பராமரிப்பதாக ஆண்மக்கள் அளித்த வாக்கை நம்பிச் சொத்தை அவர்களிடம் ஒப்படைப்பதையும், வாக்குத் தவறியபோது அதிகாரிகளிடம் முறையிட நேர்ந்ததையும் அத்தொகுப்பே கூறுகிறது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே முதியவரின் நிலை அவர் கையிலிருந்த சொத்தைப் பொறுத்திருந்தது. பாசம் பொய்யன்று, ஆயினும் பாசத்துக்கும் நிற்பதற்கு நிலம் வேண்டும்.

வன்னியிலோ முதுமை என்பதே அரிதான பேறாக இருந்தது. குளங்கள் உடைந்து காடு மண்டிய அந்நிலப்பரப்பில் காய்ச்சல் மனிதரை முதுமைக்கு முன்னரே வாரிக்கொண்டு போயிற்று. இரண்டாம் உலகப் போரின் முடிவையொட்டி டி.டி.ரி. மருந்து தீவெங்கும் தெளிக்கப்பட்டது. ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இலங்கையின் ஆண்டு இறப்பு வீதம், 1946க்கும் 1947க்கும் இடையில் 14 அளவுக்கு இறங்கியது. உணவு, வைத்தியசாலை முதலிய காரணங்களும் இதிற் பங்குகொண்டன. எனினும் மலேரியா பின்வாங்கியதாற் பெரும்பயன் பெற்ற நிலங்களுள் வன்னியும் ஒன்று. வன்னி மனிதன் கிழவனாவதற்கு உரிமை பெற்றான். அந்த முதுமையை நாம் சுமையென்று கூறுவோமாயின், நம் வெற்றியையே நாம் பழித்தவர்களாவோம்.

அம்முதுமைக்கு எத்தகைய வீடு அமைந்தது? இரணைமடுக் குளத்து நீரை நம்பி, யாழ்ப்பாணத்தின் காணி நெருக்கடியையும் வேலையின்மையையும் தணிக்க, 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கிற்று. அதற்கு முந்திய ஆண்டில் நிறைவேறிய 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமே குடியேற்றக் காணிகளின் வேதமாயிற்று. காணியற்ற ஏழைக்கு அரசு நிலம் கிடைக்க அது வழி செய்தது; இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால், காணி துண்டுபடலாகாது என்பதற்காக, குறித்த அளவுக்குக் கீழ் அதைப் பிரிக்க அச்சட்டம் இடங்கொடுக்கவில்லை. அனுமதிப்பத்திரக்காரர் தமக்குப் பின்னுரித்தாளி ஒருவரைப் பெயர் குறிக்க வேண்டும். பெயர் குறிக்காது இறந்து, வாழ்க்கைத் துணையும் இல்லையாயின், உரித்து அட்டவணைப்படி செல்லும். அவ்வட்டவணையில் மகளுக்கு முன் மகனும், பேத்திக்கு முன் பேரனும் நின்றனர். 2022ஆம் ஆண்டுத் திருத்தமே இந்த ஆண்முதன்மையை அகற்றியது.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஐந்து பிள்ளைகள் பிறந்த வீட்டில் ஒருவருக்கே காணி. ஏனையோர் கூலிக்கோ, உத்தியோகத்துக்கோ, கடல் கடந்தோ போகவேண்டியவர்கள். பெற்றோரைப் பார்க்கும் பொறுப்பு காணி பெற்றவருடையது என்று மற்றவர் கருதுவர். காணியை மட்டும் நம்பி எப்படிப் பார்ப்பது என்று அவர் கலங்குவார். பராமரிப்பைப் பற்றிய குடும்பச் சண்டைகள் பலவற்றின் வேர் இதயத்தில் இல்லை, அனுமதிப்பத்திரத்தில் இருக்கிறது. காணியைப் பயிர்செய்து பேணாவிடின் பத்திரம் இரத்தாகலாம் என்ற அச்சமும் முதியவரை விட்டகல்வதில்லை. 'நான் இல்லத்துக்குப் போனால் காணிக்கு யார் பொறுப்பு?' என்று அவர் கேட்பதைப் பிடிவாதம் என்பது அறியாமை.

பின்னர் வந்தவர்களின் கதையும் இத்தகையதே. விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களுக்குப் படித்த இளைஞர் மண்வெட்டியோடு வந்தனர். 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரம் அவ்விலையை வீழ்த்தியது. அன்று இருபது வயதாயிருந்தவர்க்கு இன்று எழுபதுக்கு மேல். மலையகத்திலிருந்து 1958, 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குத் தப்பி வந்த தோட்டத் தொழிலாளருக்கோ, பல இடங்களில் அந்தப் பத்திரமும் இல்லை. அவர்களைக் குடியமர்த்தப் பாடுபட்ட காந்தீயம் இயக்கத்தின் வைத்தியர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார். காடு வெட்டிக் கழனியாக்கிய கைகளுக்கு முதுமையிற் காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமற் போவதைவிடக் கொடிய வறுமை வேறு யாது?

இந்நிலையிலேதான் போர் வந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியவர்களுட் பலர் வன்னிக்கு வந்தனர். 1996இல் கிளிநொச்சி மக்களும் ஓடினர். 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி இராணுவத்தின் கைக்குப் போன பின், மே மாத நடுப்பகுதியில் முள்ளிவாய்க்காலில் போர் முடியும்வரை, ஊர் முழுவதும் கிழக்கு நோக்கி நகர்ந்தது. பின்னர் ஏறத்தாழ 2 இலட்சத்து 80 ஆயிரம் பேர் முகாம்களுக்குள் அடைக்கப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் இருந்தனர். 60 வயதுக்கு மேற்பட்டோரை முகாமிலிருந்து விடுவிக்க 2009இல் அரசு இணங்கியது. ஆனால் வெளியே வந்தவர் எங்கே போவது? வீடு கண்ணிவெடிகளுக்கு அப்பால். பிள்ளைகள் முட்கம்பிக்கு அப்பால். வவுனியா கோவில்குளத்துச் சிவன்கோவிலை அண்டிய முதியோர் இல்லம் அத்தகையோருக்குப் புகலிடமாயிற்று. அந்த மனிதாபிமானத்தை நாம் வணங்குகிறோம். ஆனால் அங்கு சென்றவர் வீட்டுக்கும் இல்லத்துக்கும் இடையில் ஒன்றைத் தேர்ந்துகொண்டவர் அல்லர். தேர்வதற்கு அவருக்கு ஒன்றுமே இருக்கவில்லை.

மீள்குடியேற்றம் வந்தது. இந்திய வீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் வழங்கியது; குடும்பமே முன்னின்று கட்டவேண்டும். மண் சுமக்கப் பிள்ளையில்லாத முதியவர் கூலிக்கு ஆளை வைத்தே கட்டவேண்டியவரானார். கேப்பாப்பிலவு மக்களோ 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டபோதும் தம் ஊருக்குப் போகவில்லை, இராணுவம் இருந்தது. 2017இல் அவர்கள் முகாம் வாயிலில் அமர்ந்தார்கள், முதியவர்களும் அமர்ந்தார்கள். அவ்வாண்டின் இறுதியில் காணியின் ஒரு பகுதியே மீண்டது. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய போராட்டத்திலும் முன்னின்றவர்கள் வயதான தாய்மாரே. பிள்ளை திரும்பி வந்தால் எந்த வாசலுக்கு வருவான்? அவனுக்குத் தெரிந்த முகவரி ஒன்றே. அந்த வாசலைப் பூட்டிவிட்டு இல்லத்துக்கு வாருங்கள் என்று எவர் அத்தாயிடம் கூறத் துணிவார்?

ஆகவே முதியோர் இல்லம் வேண்டாம் என்கிறோமா? அன்று, அன்று! இங்கிலாந்தில் 1834ஆம் ஆண்டின் ஏழைச் சட்டம் வறிய முதியவரைத் தொழிலகத்துக்குள் அனுப்பிக் கணவனையும் மனைவியையும் வேறுவேறாகப் பிரித்து வைத்தது. அந்த அவமானத்திலிருந்து விடுபட உழைக்கும் மக்கள் கேட்டது வெறும் கருணையை அன்று. 1908இல் 70 வயதினருக்கு ஓய்வூதியச் சட்டம் அங்கு நிறைவேறியது. ஜெர்மனியில் 1889இலேயே முதுமைக் காப்புறுதி வந்துவிட்டது. தானம் உரிமையாக மாறியபோதே முதியவர் தம் வீட்டிலிருக்கும் வலிமையைப் பெற்றார். இல்லத்துக்குப் போனாலும் தலை நிமிர்ந்து போகும் வலிமை அதுவே.

நம் நாட்டிலும் ஏட்டளவில் உரிமைகள் இல்லாமலில்லை. 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் கமக்காரருக்கு ஓய்வூதியத்தைக் கொண்டுவந்தது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரைப் புறக்கணிக்கலாகாது என்றதுடன், பராமரிப்புக் கோரி முறையிடச் சபையொன்றையும் அமைத்தது. வறிய முதியோருக்கான மாதக் கொடுப்பனவை 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் 3000 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாக உயர்த்தியது. நன்று. ஆனால் ஐயாயிரம் ரூபாய் அரிசிக்குப் போதுமா, மருந்துக்குப் போதுமா, வைத்தியசாலைக்குப் போகும் ஓட்டோவுக்குப் போதுமா? பிள்ளையே காணாமற் போனவர் யார்மீது பராமரிப்புக் கேட்டு முறையிடுவார்?

நாம் கூற விழைவது இதுவே: வீடா இல்லமா என்பது, இரண்டும் உண்மையாகக் கைக்கெட்டும்போது மட்டுமே தேர்வாகும், ஒன்று மட்டும் எஞ்சும்போது அது விதிப்பாகும். வீட்டிலிருக்க விரும்புவோருக்கு வாழத்தக்க ஓய்வூதியமும், வாசலுக்கு வரும் மருத்துவத் தாதியும், பகற்பொழுதிற் கூடிப் பேச ஊருக்கொரு நிலையமும் வேண்டும். இல்லத்தை விரும்புவோருக்கு அது தொலைதூர நகரத்திலன்றித் தம் குளத்துக்கும் கோவிலுக்கும் அருகில் அமைதல் வேண்டும். தம்பதியர் சேர்ந்திருக்க அறை வேண்டும். திரும்பிப் போகவும் வழி வேண்டும். இல்லம் புகுந்தவரின் காணிப் பத்திரத்துக்கு எவ்வித ஊறும் நேராது என்று அரசு எழுத்தில் உறுதியளித்தல் வேண்டும். பத்திரமே இல்லாதோருக்கு அவர்கள் உயிரோடிருக்கும்போதே பத்திரம் வழங்குதல் வேண்டும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! உங்கள் கிராமத்தில் முதலில் காடு வெட்டியவர் யார், அவர் இன்று எந்தத் திண்ணையில் இருக்கிறார் என்று விசாரியுங்கள். பிரதேச செயலகத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை அவருக்காக எழுதிக் கொடுங்கள். பின்னுரித்தாளியின் பெயர் பதியப்பட்டிருக்கிறதா என்று அவருடைய பத்திரத்தை வாசித்துச் சொல்லுங்கள். பின்னர், 'எங்கே இருக்க விரும்புகிறீர்கள்?' என்று அவரையே கேளுங்கள். குளங்கட்டவும் காடு வெட்டவும் அவரை அழைத்தவர்கள் பலர்; இந்த ஒரு கேள்வியை அவரிடம் இதுகாறும் கேட்டவர் மிகச் சிலரே.