டயல் டோன் எப்படி வந்தது?

வீட்டுத் தொலைபேசியின் ரிசீவரை எடுத்ததும் காதில் "உர்ர்ர்..." என்று ஒரு சத்தம் வரும். அதுதான் டயல் டோன். அது வராவிட்டால் "போன் டெட் ஆயிடுச்சு" என்போம். ஆனால் தொலைபேசி வந்த புதிதில் இந்தச் சத்தமே கிடையாது!

1876-இல் கிரஹாம் பெல் காப்புரிமை பெற்றபின் தொடங்கிய எக்ஸ்சேஞ்சுகளில் ஆபரேட்டர்களே எல்லாவற்றையும் கவனித்தார்கள். பெரும்பாலும் பெண்கள். எண்ணைச் சொன்னால் கம்பியைச் செருகி இணைப்பார்கள். எதிர்முனையில் வேறு பேச்சு நடக்கிறதா, யாரும் எடுக்கவில்லையா என்பதையும் வாயாலேயே சொல்லிவிடுவார்கள்.

இதை மாற்றியவர் அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் ஈமச்சடங்குத் தொழில் செய்துவந்த ஆல்மன் ஸ்ட்ரௌஜர். தனக்கு வரவேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் போட்டிக் கடைக்குத் திருப்பிவிடுகிறார் என்று அவருக்குச் சந்தேகம். அந்த ஆபரேட்டர் போட்டிக்காரரின் மனைவி என்றும் ஒரு கதை உண்டு. ஆபரேட்டரே தேவையில்லாத கருவிக்கு 1891-இல் காப்புரிமை பெற்றார். 1892-இல் இந்தியானா மாநிலம் லா போர்ட் ஊரில் அது இயங்கத் தொடங்கியது.

இங்கேதான் புதிய சிக்கல். இயந்திரம் பேசாதே! அது தயாராகும் முன்பே எண்ணைச் சுழற்றினால் முதல் இலக்கங்கள் விழாமல் போய், அழைப்பு தவறான இடத்துக்குச் சென்றுவிடும். "நான் தயார், எண்ணைச் சுழற்றலாம்" என்று இயந்திரம் எப்படிச் சொல்லும்? அதற்கான விடைதான் டயல் டோன். 1908-இல் ஜெர்மனியின் ஹில்டெஸ்ஹைம் நகரில் ஆகஸ்ட் க்ருக்கோவ் இதை உருவாக்கினார். இந்தியாவின் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் 1913-14-இல் சிம்லாவில் வந்தது.

ஆபரேட்டர் சொன்ன ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு ஒலி வந்தது. இந்தியாவில் இவற்றுக்கு அடிப்படை 400 ஹெர்ட்ஸ்:

1. டயல் டோன்: இடைவிடாமல் ஒலிக்கும்.
2. ரிங் டோன்: 0.4 விநாடி ஒலி, 0.2 விநாடி மௌனம், மீண்டும் 0.4 விநாடி ஒலி, பிறகு 2 விநாடி மௌனம். அதாவது "ட்ரிங்-ட்ரிங்".
3. எங்கேஜ்டு டோன்: 0.75 விநாடி ஒலி, 0.75 விநாடி மௌனம்.
4. நெரிசல் டோன்: 0.25 விநாடிக்கு ஒருமுறை விட்டுவிட்டு, வேகமாக. எதிர்முனை பிஸி அல்ல, வழியில்தான் இடமில்லை என்று பொருள்.

பலர் அறியாத ஒன்று: நம் காதில் கேட்கும் "ட்ரிங்-ட்ரிங்" எதிர்வீட்டு மணியின் சத்தம் அல்ல. எக்ஸ்சேஞ்ச் நமக்காகத் தனியாக அனுப்பும் ஒலி அது. அதனால்தான் சில நேரம் நமக்கு முதல் மணி கேட்கும் முன்பே எதிரில் "ஹலோ" என்பார்கள்.

செம்புக் கம்பி தொலைபேசிக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் பேட்டரியிலிருந்து வந்தது. ஊரே இருட்டில் கிடந்தாலும் டயல் டோன் கேட்டால் ஆம்புலன்ஸை அழைக்கலாம் என்ற தைரியம் இருந்தது. செல்போனில் டயல் டோன் இல்லை. எண்ணை முழுவதும் தட்டிவிட்டு நாமே அனுப்புவதால் அது தேவைப்படவில்லை. அதன் இடத்தில் திரையில் சிக்னல் கோடுகள் வந்துவிட்டன. "லைன் இருக்கா?" என்ற பழைய கேள்வி மட்டும் மாறவில்லை.