திண்டு தந்த மயக்கம்

சைக்கிள் கையுறை வாங்கப் போகிறவர்களில் பலர் முதலில் அதன் உள்ளங்கைப் பகுதியைத்தான் அழுத்திப் பார்க்கிறார்கள். திண்டு தடிமனாக இருந்தால் கை மரத்துப் போகாது என்பது அவர்கள் கணக்கு. சாலையின் அதிர்வுதான் எல்லாக் கேட்டுக்கும் காரணம் என்ற எண்ணத்தில் பிறந்த கணக்கு இது. அப்படியானால், 1860களில் பாரிஸின் மிஷோ பட்டறையிலிருந்து வந்த வண்டிகளை ஓட்டியவர்கள்தான் முதலில் அவதிப்பட்டிருக்க வேண்டும். மரச்சக்கரம், அதைச் சுற்றி இரும்புப் பட்டை. எலும்பை உலுக்கும் வண்டி என்றே ஆங்கிலேயர் அதற்குப் பெயர் வைத்தார்கள். ஆனால் சைக்கிளால் கைநரம்பு செயலிழப்பதைப் பற்றி இன்றும் மருத்துவர்கள் எடுத்துக்காட்டும் பழைய கட்டுரை, லியோன் நகர மருத்துவர் எத்தியேன் தெஸ்தோ 1896இல் எழுதியது. டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்து அப்போது எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. பயணம் மென்மையான பிறகு கை நொந்தது ஏன்?

உட்காரும் விதம் மாறியிருந்தது. பழைய வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எடை இருக்கையில் இறங்கியது. 1885இல் ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள் வந்தபின், வேகம் விரும்பியவர்கள் ஹேண்டில்பாரைத் தாழ்த்திக் குனிந்தார்கள். எடையில் ஒரு பங்கு உள்ளங்கைக்கு வந்தது. சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் உணர்வு தரும் நரம்பு, மணிக்கட்டை ஒட்டி ஒரு குறுகிய வழியில் நுழைகிறது. பிரெஞ்சு மருத்துவர் கியோன் 1861இலேயே விவரித்த வழி அது. அங்கே நரம்புக்கு மேல் சதைப்பற்று குறைவு. முன்பும் கை மரத்திருக்கும், எழுதி வைக்க ஆளில்லை என்று ஒருவர் மறுக்கலாம். நியாயம்தான், குறிப்பு இல்லாததே சான்றாகிவிடாது. ஆனால் 2011இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆய்வாளர்கள் அழுத்தத்தை அளந்தபோதும், வளைந்த ஹேண்டில்பாரின் கீழ்ப்பகுதியைப் பிடித்துக் குனியும்போதுதான் அந்த இடத்தில் சுமை மிகுந்தது. திண்டு வைத்த கையுறை அதை 10 முதல் 29 விழுக்காடு வரை குறைத்தது. ஆகவே திண்டு வீண் என்று சொல்ல முடியாது. கூடுதல் பலன் தந்ததோ தடித்த ஜெல் அல்ல, மெல்லிய, அடர்த்தியான ஃபோம்.

அந்த ஃபோமும் சரியான இடத்தில் உட்கார்ந்தால்தான் பயன். அதனால்தான் தடிமனைவிட அளவு முக்கியம் என்கிறேன். கிரெனோபிள் நகரத்துக் கையுறைக்காரர் சேவியே ஜுவென் 1834இல் கைகளை அளந்து வகைப்படுத்தி, கையுறைக்கு ஒழுங்கான அளவுமுறை தந்தார். உள்ளங்கைச் சுற்றளவைப் பழைய பிரெஞ்சு அங்குலத்தில் சொல்லும் எண்கள் இன்றும் உண்டு. 8 என்றால் ஏறத்தாழ 21.7 சென்டிமீட்டர். சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று நான்கு பைகளில் எல்லாக் கைகளையும் அடைத்தது பின்னால் வந்த சோம்பேறித்தனம். வாங்கும்போது கையை விரித்துப் பார்ப்பது போதாது, ஹேண்டில்பாரைப் பற்றுவதுபோல மடக்க வேண்டும். அப்போது கையுறையின் தோல் சுருண்டு மடிப்பு விழுந்தால், அந்த மடிப்பே நரம்பின் மேல் ஏறி உட்காரும். உள்ளங்கையில் தோலும் புறங்கையில் பின்னிய பருத்தியுமாக, விரல் நுனிகள் திறந்து, திண்டு பெயரளவுக்கே இருந்த பழைய பந்தயக் கையுறை நெடுங்காலம் நிலைத்தது வியப்பல்ல. வியர்வையில் பிடி வழுக்காமலும், விழுந்தால் முதலில் தரையைத் தொடும் உள்ளங்கை உரியாமலும் அது காத்தது. மரத்துப்போகும் கைக்கு, பிடியை அடிக்கடி மாற்றுவதும் ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்துவதும்தான் மருந்து. அவை கையுறைக் கடையில் கிடைப்பதில்லை.