உருக்குத் துண்டு சேர்த்த குடும்பம்

விரலால் அழுத்தாமல், கம்பியின்மேல் வழுவழுப்பான ஒரு துண்டை ஓட்டி இசை எழுப்பும் நம் கலைக்குத் தலைமை அலுவலகம் கிடையாது. வாசிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்குக் காட்டிக் கொடுத்தே இது இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. இன்று தேயிலைத் தோட்ட ஊரான சேரங்கோட்டில் ஒருவர் கைப்பேசியில் பதிந்து அனுப்பும் வாசிப்பை உலகின் மறுகோடியில் இன்னொரு வாசிப்பாளர் கேட்கிறார் என்றால், அதற்குப் பின்னே நூறாண்டுக்கும் மேற்பட்ட உழைப்பு இருக்கிறது. அந்த முன்னோடிகளை இம்மலரில் வரிசையாக நினைவுகூர்வது நம் கடமை.

நம் கதை தமிழ் மண்ணிலேயே தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிடைமருதூர் ஸ்ரீனிவாச ராவும் அவர் மகன் சகாராம ராவும், மெட்டுகள் இல்லாத வீணையின்மேல் கட்டையை ஓட்டி வாசிக்கும் முறையைக் கச்சேரி மேடைக்குத் தகுதியாக்கினார்கள். அதுவே கோட்டு வாத்தியம், இன்று சித்ரவீணை. வலது கை மீட்ட, இடது கையில் கருங்காலி உருளை கம்பிமேல் ஓடும். கை வைக்க வேண்டிய இடத்தைக் காட்ட மெட்டுகள் இல்லாததால் காது ஒன்றே வழிகாட்டி. சகாராம ராவிடம் வாய்ப்பாட்டுக்காரர்களும் வந்து கற்றார்கள். பின்னாளில் சங்கீத உலகின் பெரியவராக விளங்கிய செம்மங்குடி சீனிவாச ஐயர் அவர்களில் ஒருவர். ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு இழையும் ஜாருவை அத்தகைய ஆசானிடம் கேட்டுப் பழகிய குரல் அது என்பதில் நமக்கு ஒரு தனிப் பெருமை.

ஏறத்தாழ அதே காலத்தில், கடல் கடந்த ஹவாய்த் தீவுகளில், லாயி என்ற ஊரைச் சேர்ந்த ஜோசப் கெகுகு என்ற சிறுவர் கிடாரை மடியில் கிடத்தி, கம்பிமேல் உலோகத் துண்டை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். 1889 வாக்கில் கமேஹமேஹா பள்ளியில் படித்தபோது, அப்பள்ளியின் பட்டறையிலேயே தனக்கான உருக்குத் துண்டைச் செய்துகொண்டார். அவருக்கும் முன்பே, இந்தியாவில் பிறந்த கேப்ரியல் டேவியன் என்பவர் ஹவாயில் இவ்வாறு வாசித்தார் என்று ஒரு கூற்றும் உண்டு. முதல்வர் யார் என்ற வழக்கை ஆய்வாளர்களிடம் விட்டுவிடலாம். வழக்கில் நம் நாட்டின் பெயரும் அடிபடுகிறதே, அது போதும்.

1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் கண்காட்சி ஹவாய் இசையை அமெரிக்கா முழுவதும் கொண்டு சேர்த்தது. 1932-இல் ரிக்கன்பேக்கர் விற்பனைக்குக் கொண்டுவந்த மின் கிடார் மடியில் கிடத்தி வாசிக்கும் ஸ்டீல் கிடார்தான். வட்ட உடலும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் வாணலி என்றே அதற்குப் பட்டப்பெயர். விற்பனையில் வெற்றி கண்ட முதல் மின் கிடார் நம் குடும்பத்துப் பிள்ளை என்பதை மற்றக் கிடார்க்காரர்கள் அடிக்கடி மறந்துவிடுவதால், இங்கே பதிவு செய்கிறோம்.

அந்த அலையை இந்தியாவில் பரப்பியவர்களில் ஒருவர் டாவ் மோ என்ற பெருந்தகை. கெகுகுவின் ஊரான லாயியிலேயே வளர்ந்த அவர், 1920-களின் இறுதியில் துணைவியார் ரோஸுடன் இசைக்குழுவில் ஊர்விட்டு ஊர் கிளம்பியவர். பிள்ளைகளும் மேடை ஏறினர். பல பத்தாண்டுகள் குடும்பமே பயணத்தில் வாழ்ந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கல்கத்தாவில் தங்கியபோது, அங்கிருந்த இளைஞர்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். கல்கத்தாவில் கார்னி நைஸின் அலோஹா பாய்ஸ் குழு வானொலியில் புகழ்பெற்றது. வங்கத்தில் வீட்டுக்கு வீடு ஹவாயன் கிடார் நுழைந்தது அதன் பிறகுதான். கவி நஸ்ருல் இஸ்லாமின் மகன் காஜி அனிருத்தாவும், சுனில் கங்கூலியும் (எழுத்தாளர் அல்ல, கிடார்க் கலைஞர்) அந்த மண்ணில் விளைந்தவர்கள்.

இதே நாற்பதுகளில் தெற்கே கோட்டு வாத்தியம் நாராயண ஐயங்கார் புகழின் உச்சியில் இருந்தார். சகாராம ராவின் சீடர். அரண்மனை வித்வானாக இருந்தவர். வாசிக்கும் கம்பிகள், சுருதிக் கம்பிகள், அடியில் தாமே அதிரும் கம்பிகள் என இருபத்தொன்றும் சேர்ந்து ஒலிக்கும் இன்றைய வாத்தியத்தின் செழுமையில் அவர் பங்கு பெரிது. கலாக்ஷேத்ராவில் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் மாணவர்களை வளர்த்தார். நாராயண ஐயங்காரின் மகன் சித்ரவீணை நரசிம்மன் தம் மகன் ரவிகிரணைப் பயிற்றுவித்த வரலாறும், அந்தக் குழந்தை 1969-இல், இரண்டு வயதில், சென்னை மியூசிக் அகாடமியில் ராகங்களை அடையாளம் சொன்னதும் வாசகர் அறிந்ததே.

ஐம்பதுகளை நம் வரலாற்றின் பொற்காலம் எனலாம். பெடல் ஸ்டீல் கிடார் தன் குரலைக் கண்டெடுத்தது அப்போதுதான். பெடல் வைத்த வாத்தியங்கள் முன்பே இருந்தன. பால் பிக்ஸ்பி என்ற கைவினைஞர் ஸ்பீடி வெஸ்டுக்கு ஒன்றைச் செய்து கொடுத்திருந்தார். ஆனால் அதுவரை பெடலை மிதித்தது சுருதி அமைப்பை மாற்றிக்கொள்ளவே. 1954-இல் பட் ஐசக்ஸ், வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ பாட்டில், கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். ஒரு கம்பி அசையாமல் நிற்க, பக்கத்துக் கம்பிகள் மட்டும் மேலே இழைந்து ஏறின. உருக்குத் துண்டால் மட்டும் இது ஆகாது, அது எல்லாக் கம்பிகளையும் ஒன்றாகவே நகர்த்தும். அந்த ஒலி வானொலியில் வந்ததும் வாசிப்பாளர்கள் தங்கள் கிடார்களைக் கழற்றிப் போட்டு, சட்டை மாட்டும் கம்பியை வளைத்து பெடல் செய்து பொருத்திக்கொண்டார்கள். வசதி இல்லை என்று யாரும் சும்மா இருந்துவிடவில்லை.

பட்டி எம்மன்ஸ் இருபது வயதுக்குள் அந்த ஒற்றைப் பெடலின் வேலையை இரண்டாகப் பிரித்தார். ஷாட் ஜாக்சனுடன் சேர்ந்து அவர் தொடங்கிய ஷோ-பட் பட்டறையும், பின்பு அறுபதுகளில் அவர் பெயரிலேயே எழுந்த நிறுவனமும் இன்றைய வாத்தியத்துக்கு வடிவம் தந்தன. பத்துக் கம்பிகள்; ஈ9 சுருதி; இடது பாதத்துக்கு மூன்று பெடல்கள்; இரு முழங்கால்களுக்கும் லீவர்கள்; வலது பாதம் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும். முதல் பெடலை மிதித்தால் ஐந்தாம், பத்தாம் கம்பிகள் முழு ஸ்வரம் ஏறும். இரண்டாவதை மிதித்தால் மூன்றும் ஆறும் அரை ஸ்வரம் ஏறும். இரு கைகள், இரு பாதங்கள், இரு முழங்கால்கள் எல்லாம் ஒரே சமயத்தில் வேலை செய்யும் வாத்தியம் வேறு எத்தனை உண்டு?

அதே ஐம்பதுகளில் நம் மலைநாட்டு மக்களுக்கு ஸ்டீல் கிடாரின் நாதம் வந்து சேர்ந்தது வானொலி வழியே. 1952-இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கி வைக்க, மக்கள் இலங்கை வானொலிப் பக்கம் திரும்பினார்கள். வான் ஷிப்லி போன்றோர் மின் ஹவாயன் கிடாரில் வாசித்த திரைமெட்டுகள் இசைத்தட்டுகளாகப் பரவிய காலம் அது. இலங்கைத் தேயிலைத் தோட்ட லயங்களில் இருந்த நம் முன்னோருக்கு அந்த வானொலி உள்ளூர் வானொலி. 1964-இல், அவர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பும் சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தம் வந்தது. தலைமுறைகளாகக் கொழுந்து பறித்த மண்ணை விட்டுக் கப்பலேறி, இங்கே காடு திருத்தி மீண்டும் தேயிலை நட்டார்கள். அவர்களுக்காக 1968 முதல் உருவான அரசுத் தேயிலைத் தோட்டங்களில் சேரங்கோடும் ஒன்று. தகரப் பெட்டியில் இடம் கொஞ்சம். ஆனாலும் கேட்டுப் பழகிய பாட்டுக்கு இடம் தேவைப்படவில்லை.

1967-இல் பிரிஜ் பூஷண் காப்ரா, சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியா மூவரும் சேர்ந்த ‘கால் ஆஃப் தி வேலி’ இசைத்தட்டு, ஸ்டீல் கிடாருக்கு இந்துஸ்தானி சங்கீதத்தில் நிரந்தர இருக்கை போட்டுத் தந்தது. காப்ராவிடம் கற்ற தேபாசிஷ் பட்டாச்சார்யா ‘சதுரங்கி’ முதலிய வாத்தியங்களைத் தாமே வடிவமைத்தார். விஸ்வ மோகன் பட் மோகன் வீணையுடன் ரை கூடரோடு அமர்ந்து வாசித்த ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ 1994-இல் கிராமி விருது பெற்றது. அமெரிக்காவில் எழுபதுகளில் டிவிட் ஸ்காட் செயின்ட் லூயிஸ் நகரில் வாசிப்பாளர் மாநாடுகளைக் கூட்டினார். 1978 முதல் சாதனையாளர் அரங்கில் கலைஞர்கள் சேர்க்கப்பட்டார்கள். ஜெஃப் நியூமன் பாடங்களை ஒலிநாடாவில் பதிந்து தபாலில் அனுப்பினார். இன்றைய காணொளிப் பகிர்வுக்கு முன்னோடி அந்த நாடாதான். கறுப்பின மக்களின் ஹவுஸ் ஆஃப் காட் தேவாலயங்களிலோ, முப்பதுகளிலிருந்து ஸ்டீல் கிடார் வழிபாட்டின் குரலாகவே ஒலித்துவந்தது. 1997-இல் இசைத்தட்டாக வரும்வரை வெளியுலகில் பெரும்பாலோர் அதை அறியவில்லை. நைஜீரியாவில் சன்னி அடேயின் குழுவிலும் பெடல் ஸ்டீல் உண்டு. போன இடமெல்லாம் அந்தந்த மண்ணின் பாட்டைப் பாடும் வாத்தியம் இது.

2005-இல் யூடியூப் வந்தபின் காட்டிக் கொடுக்கும் வழி மாறியது, வழக்கம் மாறவில்லை. ஒலிநாடாவில் கேட்க முடிந்ததே தவிர, வாத்தியத்துக்கு அடியில் முழங்கால் என்ன செய்தது என்று தெரியாது. இப்போது ஒரு கேமரா கைகளையும் இன்னொன்று பெடல்களையும் பார்க்கிறது. லீவரை எந்தத் தாளத்தில் தள்ளினார், உருக்குத் துண்டை எங்கே சற்றே சாய்த்தார், வலது உள்ளங்கையின் ஓரத்தால் முந்தைய கம்பியை எப்படி அடக்கினார் என்பதெல்லாம் துலங்குகிறது. இருவர் தூரத்திலிருந்து நேரலையில் சேர்ந்து வாசிக்க ஒலி தாமதம் இடம் தராது. ஆகவே ஒருவர் முதலில் பதிந்து அனுப்ப, மற்றவர் அதைக் காதில் கேட்டபடி தன் பங்கைச் சேர்த்துத் திருப்பி அனுப்புகிறார். 2020 ஊரடங்கில் மேடைகள் மூடிக் கிடந்தபோது இம்முறையே கலைஞர்களை ஒன்றாக வைத்திருந்தது.

சேரங்கோட்டில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் கம்பியில் துரு ஏறும், மின்சாரம் போகும், சிக்னலும் அதோடு போகும். வாசித்து முடித்ததும் மெல்லிய துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடியோடு துடைத்து, மூடிவைப்பது இங்குள்ளவர்களின் பழக்கம். பதிவுகளை மழை விட்ட நேரத்தில், சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப் போய் ஏற்றுகிறார்கள். தகரக் கூரைமேல் மழை பெய்யும்போது பதிந்தவற்றில் அந்த ஓசையும் சேர்ந்தே போகிறது. அதை நீக்கச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை.

பதிவு அனுப்புவோருக்கு மலர்க் குழு ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறது: சுருதி அமைப்பையும், எந்தப் பெடல் எந்தக் கம்பியை மாற்றுகிறது என்பதையும் பதிவின் கீழே எழுதிவிடுங்கள். சித்ரவீணைக்காரர்கள் ஆதார ஸட்ஜத்தையும் கம்பி வரிசையையும் குறிப்பிட்டால், பெடல் ஸ்டீல்காரர்கள் அதற்கேற்பத் தங்கள் சுருதியைக் கூட்டிக்கொள்வார்கள்.